அம்பிகாபதியைச் சாக விடுங்க

செத்துப் போனவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடியவன் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கண்ணைத் திறக்கிறான். பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த சிநேகிதனும் சிநேகிதியும் சிரிக்கிறார்கள். தியேட்டரில் விசில் பறந்த வீடியோவெல்லாம் போன் போனாய்ச் சுற்றியது. 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழ்நாட்டில் மறுபடி ரிலீஸ் ஆன 'அம்பிகாபதி' சமாச்சாரத்தைத்தான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆனந்த் எல். ராய் இயக்கி, தனுஷ் முதன்முதலாக இந்தியில் நடித்து, ரஹ்மான் இசையில் 2013 ஜூனில் வந்த 'ராஞ்ஜனா'வின் தமிழ் வடிவம் அது. கதாநாயகன் குந்தன் காசியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பையன். (அதாவது நம்ம கேஸ். ஊர் விட்டு ஊர் போய் அந்த ஊர் பாஷையிலேயே காதலித்து அடி வாங்குகிற ஜாதி.) படம் முடியும்போது அவன் சாகிறான். படத்தைத் தயாரித்த ஈராஸ் நிறுவனம், மறு ரிலீஸுக்காக அந்தக் கடைசிக் காட்சியை ஏஐ வைத்து மாற்றி, அவனைப் பிழைக்க வைத்தது. இயக்குநருக்கு விஷயம் செய்திகள் மூலமாகத்தான் தெரிய வந்ததாம். தனுஷ் வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்: நான் ஆட்சேபம் சொல்லியும் வெளியிட்டார்கள், நான் ஒத்துக்கொண்டு நடித்த படம் இது இல்லை என்று.

இதில் என்ன பெரிய குடி முழுகிப் போச்சு என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்தப் பெயர். அம்பிகாபதி யார்? கம்பர் மகன். சோழ ராஜகுமாரி அமராவதியைக் காதலித்தவன். சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் பெண்ணைத் தருகிறேன் என்று ராஜா சொல்ல, பாடுகிறான். திரை மறைவில் எண்ணிக்கொண்டிருந்த அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு ஆச்சு என்று எட்டிப் பார்க்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இவன் அடுத்த பாட்டை அவளைப் பற்றியே பாடித் தொலைக்கிறான். தலை போகிறது. ஒரே ஒரு எண் தப்பினதில் ஒரு உயிர். இதுதான் கதை. 1937-ல் எல்லிஸ் ஆர். டங்கன் என்கிற அமெரிக்கர், பாகவதரை வைத்து எடுத்தபோதும் இதுதான் கதை. 1957-ல் சிவாஜியும் பானுமதியும் நடித்தபோதும் இதுதான் கதை. அந்தப் பெயரை 2013-ல் ராஞ்ஜனாவுக்கு எடுத்து வைத்தவர் யாரோ, தமிழ் தெரிந்த ஆள். படம் எப்படி முடியப் போகிறது என்பதைப் போஸ்டரிலேயே சொல்லிவிட்டார். அப்பேர்ப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு 'ஹீரோ பிழைச்சிட்டான்' என்று காட்டுவதற்கு, ஒன்று தைரியம் வேண்டும், இல்லை எதுவுமே தெரியாமல் இருக்க வேண்டும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. குந்தன் விபத்தில் செத்துப்போனவன் இல்லை. கடைசியில் கட்டிலில் கிடந்தபடி மனசுக்குள் பேசுகிறான் பாருங்கள், அதன் சாரமே இதுதான்: நினைத்தால் எழுந்துவிடலாம், ஆனால் எதுக்கு எழுந்திரிக்கணும், அலுத்துப்போச்சு. அவன் சாவு அவன் எடுக்கிற முடிவு. இரண்டரை மணி நேரம் அந்தப் பையன் எடுத்த எல்லா முடிவும் அசட்டு முடிவு. ஒரு பெண்ணை விடாமல் துரத்துகிறான், கையை அறுத்துக்கொள்கிறான், தன் கல்யாணத்தையே கெடுத்துக்கொள்கிறான். படம் வந்த காலத்திலேயே இதைப் போய் காதல் என்று காட்டுகிறார்களே என்று திட்டியவர்கள் நிறைய. நானும் திட்டியவன்தான். அந்த அசட்டுத்தனத்துக்கெல்லாம் அவன் கொடுக்கிற விலைதான் கடைசிக் காட்சி. அந்த விலையைத் தள்ளுபடி செய்துவிட்டால் மிச்சம் என்ன? துரத்தித் துரத்தி நச்சரித்தால் கடைசியில் எல்லாம் சுபம் என்கிற படம். கணினி மாற்றியது ரெண்டு நிமிஷம்தான். ஆனால் அந்த ரெண்டு நிமிஷம் முன்னால் ஓடிய அத்தனை ரீலுக்கும் அர்த்தத்தை மாற்றிவிட்டது.

எங்க தெருவில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினதும், தருமபுரிக்கார அண்ணன் ஒருத்தர் மெஸ் வைத்திருக்கிறார். போஷ் (பழைய ஆட்களுக்கு இன்னமும் அது மைகோதான்) ஆட்கள் முதல் என்னை மாதிரி கழுத்தில் பட்டை மாட்டிய கம்ப்யூட்டர் கும்பல் வரை அங்கேதான் சாப்பாடு. அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"பொழைச்சிக்கிட்டா நல்லதுதானே தம்பி? நாள் பூரா அடுப்புல வெந்துட்டு, காசும் குடுத்து அழுவணுமா?"

"அண்ணே, கதையே அதாங்கண்ணே."

"கதைய நாமதான தம்பி சொல்றோம். மாத்திச் சொன்னா யாரு கேக்கப் போறா?"

நியாயமான கேள்வி. சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம்ம ஊர் தெருக்கூத்திலும் பாட்டி கதையிலும் ஆளுக்கு ஆள் மாற்றித்தான் சொன்னார்கள். ஆனால் கூத்துக்காரன் மாற்றினால் அது அவன் குரலில், அவன் உடம்பில், எதிரே உட்கார்ந்திருக்கும் ஊருக்கு முன்னால் நடக்கிறது. பிடிக்காவிட்டால் வாத்தியாரை அங்கேயே கேட்கலாம். இங்கே மாற்றியவர் முகம் தெரியாது. தெரிகிறதெல்லாம் தனுஷ் முகம். அந்த மனுஷன் நடிக்காத நடிப்பை அவர் முகத்தில் ஒட்டி, அவர் பெயரையும் இயக்குநர் பெயரையும் டைட்டிலில் போட்டு டிக்கெட் விற்பது என்ன கூத்து?

அப்புறம் இந்த 'தமிழ் ஜனங்க ஹீரோ செத்தா ஒத்துக்க மாட்டாங்க' என்கிற ஜல்லி. இதை எத்தனை காலமாய் அடிக்கிறார்கள்! 1956-ல் 'மதுரை வீரன்' வந்தது. எம்ஜிஆரையே மாறுகால் மாறுகை வாங்கினார்கள். படம் ஓடின ஓட்டம் ஊருக்கே தெரியும். 'சேது', 'காதல்', 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' இதில் எதில் சுபம் போட்டார்கள்? 'மூன்றாம் பிறை'யில் கமல் ரயில்வே பிளாட்பாரத்தில் குட்டிக்கரணம் போட்டும் ஸ்ரீதேவிக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் இன்றைக்கு யார் அந்தப் படத்தைப் பேசப் போகிறார்கள்? ஜனங்கள் அழத் தயார்தான். அழவைக்கத் தெரிந்தவன் கையில்தான் கொடுப்பார்கள், அவ்வளவே. ஜனங்கள் பெயரைச் சொல்லி மாற்றுகிறவர்கள், ஜனங்களை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா?

சரி, அடுத்த வாதத்துக்கு வருவோம். இது கொஞ்சம் கனமான வாதம். படம் எங்களுடையது, காசு போட்டது நாங்கள், காப்புரிமை எங்கள் கையில், என்ன வேண்டுமானாலும் செய்வோம். ஈராஸ் சொன்னதன் சாரம் இதுதான். கூடவே, பழைய படம் எங்கேயும் போகவில்லை, இது ஒரு மாற்று வடிவம் மட்டுமே என்றும் சொன்னார்கள்.

சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் பேச்சில் பாதி சரி. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் 'ஆசிரியர்' யார் தெரியுமா? தயாரிப்பாளர். இயக்குநர் இல்லை. அதே சட்டத்தின் 57-வது பிரிவு, ஆசிரியரின் படைப்பை அவர் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி சிதைத்தால் தடுக்கிற உரிமை அவருக்கு உண்டு என்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் அது உண்டு. ரொம்ப நல்ல பிரிவு. இதை வைத்துத்தான் 1986-ல் இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தன் நாவலைப் படமாக்கியவர்கள் கதையைக் குலைத்துவிட்டார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. விஞ்ஞான் பவன் சுவரிலிருந்த தன் வெண்கலச் சிற்பத்தை அரசாங்கமே பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டது என்று வழக்குப் போட்ட அமர்நாத் சேகல் 2005-ல் ஜெயித்தார். நாவல் எழுதினவருக்கு உண்டு, சிற்பம் செய்தவருக்கு உண்டு. சினிமா எடுத்தவருக்கு? 'ஆசிரியர்'தான் தயாரிப்பாளர் ஆகிவிட்டாரே! சிதைக்கிறவரே சிதைவைத் தடுக்கும் உரிமையையும் வைத்திருக்கிறார். வேலியும் அவரே, மேய்கிறவரும் அவரே.

இதைச் சரி செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 2010-ல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் இயக்குநரையும் தயாரிப்பாளரோடு சேர்த்து ஆசிரியராக்கும் ஷரத்து இருந்தது. நிலைக்குழுவுக்குப் போய் வருவதற்குள் அது காணாமல் போச்சு. 2012-ல் சட்டம் நிறைவேறியபோது பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கிடைத்தது. சந்தோஷம். இயக்குநருக்குக் கிடைத்தது பட்டை நாமம். இத்தனை சங்கம் வைத்திருக்கிறார்களே, கொடி பிடிக்கிறார்களே, ஸ்ட்ரைக் பண்ணுகிறார்களே, இதற்காக ஒரு நாள் படப்பிடிப்பை நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

இந்த இடத்தில் ஒருத்தர் என்னை மடக்குவார், தெரியும். 'ஏம்ப்பா, நீ கம்பெனியில் எழுதுகிற புரோகிராம் உன்னுடையதா? சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய் இல்லையா? நாளைக்கு அதை வேறொருத்தன் மாற்றினால் குதிப்பாயா?' குதிக்க மாட்டேன். இருபது வருஷமாய் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி மிச்சமிருந்தாலே ஆச்சரியம். ஆனால் அதில் என் பெயர் போட்டு யாரும் டிக்கெட் விற்கவில்லை. நான் செய்ததைப் பார்த்து யாரும் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டதும் இல்லை (அதில் வந்த கோளாறைச் சரி செய்தவர்கள் வேண்டுமானால் புரண்டிருக்கலாம் :-)). அதோடு, எங்கள் தொழிலில்கூட ஒரு ஒழுங்கு உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒவ்வொரு வரிக்கும் கணக்கு இருக்கும். பழைய வடிவத்துக்குத் திரும்பிப் போக எப்போதும் வழி இருக்கும். புதுசுக்கு வேறு எண் கொடுப்போம். நேற்று ஆரம்பித்த குட்டிக் கம்பெனியில்கூட இதைச் செய்யாமல் வண்டி ஓடாது. கோடிக்கணக்கில் புரளும் சினிமாவில் அதே பெயர், அதே போஸ்டர், உள்ளே மட்டும் வேற முடிவு.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்தார்கள்? ஜான் ஹஸ்டன் 1950-ல் எடுத்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' கறுப்பு வெள்ளைப் படம். உரிமை டெட் டர்னர் கைக்குப் போனதும் கம்ப்யூட்டர் வைத்துக் கலர் பூசினார்கள். அதை பிரான்ஸில் டிவியில் போடப் போனபோது ஹஸ்டன் உயிரோடு இல்லை. அவர் வாரிசுகளும் திரைக்கதை எழுதியவரும் வழக்குப் போட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி டர்னர்தான் சொந்தக்காரர், சந்தேகமே இல்லை. 1991-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் ஹஸ்டன் வாரிசுகள் பக்கம் நின்றது. சொந்தக்காரன் வேறு, எடுத்தவன் வேறு என்று. கலர் பூசினதற்கே இந்தத் தீர்ப்பு என்றால், செத்தவனை எழுப்பியதற்கு என்ன தருவார்களோ.

'அப்ப ஒரு படத்துக்கு ரெண்டு முடிவே இருக்கக் கூடாதா?' தாராளமாய் இருக்கலாம். 2010 பிப்ரவரி 26-ம் தேதி கௌதம் மேனன் ஒரே நாளில் ரெண்டு முடிவைக் கொடுத்தார். தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', ஜெஸ்ஸி வேறொருத்தரைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். தெலுங்கில் 'ஏ மாய சேஸாவே', ரெண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். நடிகர்களும் வேறு. அன்றைக்கு பெங்களூரில் இருந்த நமக்கு இது ஒரு அதிர்ஷ்டம், ரெண்டையும் பார்த்துவிட்டு ஆபீஸ் கேண்டீனில் தெலுங்கு நண்பர்களோடு மல்லுக்கு நிற்கலாம். ரெண்டுமே எடுத்தவர் எடுத்த முடிவு. அதனால்தான் சண்டை ருசியாய் இருந்தது. ஏன் இங்கே சேர்த்தாய், அங்கே பிரித்தாய் என்று கேட்க ஒரு ஆள் இருந்தார், அவரிடம் பதிலும் இருந்தது.

'ஷோலே' கதையைப் பாருங்கள். நம்ம ஊர்க் கதை அது. அடுகோடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் ராமநகரம். (மாவட்டத்தின் பெயரை 2025-ல் பெங்களூரு தெற்கு என்று மாற்றிவிட்டார்கள். எதையும் இருந்தபடி இருக்க விட மாட்டார்கள்.) அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் கப்பர் சிங்கின் ராஜ்ஜியம். ரமேஷ் சிப்பி எடுத்த கடைசிக் காட்சியில், கையில்லாத டாக்கூர், ஆணி வைத்த செருப்பால் கப்பரை மிதித்தே கொல்கிறார். 1975, நெருக்கடி நிலைக் காலம். ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று தணிக்கைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் போலீஸ் வந்து நிற்கிற மாதிரி வேறு முடிவு எடுத்துச் சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் தேசமே அதைத்தான் பார்த்தது. அந்தப் போலீஸ்காரர்கள் வந்து நிற்கும்போது படம் காற்று இறங்கின பலூன் மாதிரி ஆவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன்காரர்கள் லண்டனிலும் மும்பையிலும் கிடந்த பழைய பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, மூன்று வருஷம் உட்கார்ந்து துடைத்துச் சேர்த்து, வெட்டப்பட்ட முடிவோடு 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரத் திருவிழாவில் திரையிட்டார்கள். அந்த டிசம்பரில் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது.

அதே 2025 கோடையைச் சுற்றித்தான் ரெண்டும் நடந்திருக்கிறது. ஒரு படத்துக்கு, எடுத்தவர் நினைத்த முடிவைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு, எடுத்தவர் நினைத்த முடிவைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரெண்டையும் 'புதிய கிளைமாக்ஸுடன்' என்று ஒரே மாதிரி விளம்பரம் செய்ய முடிகிறது பாருங்கள், எரிச்சல் அங்கேதான் வருகிறது.

நம் பக்கமும் ஒழுங்கில்லை. தலைவர் ரசிகர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் படிக்கவும். 2002-ல் வந்த 'பாபா', 2022 டிசம்பரில் தலைவர் பிறந்தநாளை ஒட்டி மறு ரிலீஸ் ஆனது. நீளத்தைக் குறைத்து, புதுசாய் டப்பிங் பேசி, முடிவையும் மாற்றியிருந்தார்கள். ரஜினி எழுதிய கதை, ரஜினி தயாரித்த படம், அவரே உட்கார்ந்து டப்பிங் பேசினார். உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2002-ல் ஓடாமல் போன அந்தப் பழைய பாபா ஒரு சரித்திர ஆவணம். அன்றைய ரஜினி என்ன யோசித்தார், அரசியலுக்கு வருவாரா மாட்டாரா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்தில் என்ன முடிவை வைத்தார் என்பதற்குச் சாட்சி. இருபது வருஷம் கழித்து, எல்லாம் முடிந்தபின் அதைத் திருத்துவது, பழைய டைரியில் புது மையால் எழுதுவது மாதிரி. 2001-ன் 'ஆளவந்தான்' 2023-ல் தாணு மறுபடி வெளியிட்டபோது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காணாமல் போயிருந்தது. இப்போது விறுவிறுப்பாய் இருக்கிறது என்றார்கள். இருக்கலாம். எனக்கு அந்தப் பழைய, திக்கித் திணறி, எங்கெங்கோ அலைகிற ஆளவந்தான்தான் வேண்டும். அந்த அலைச்சல் நந்துவின் மண்டைக்குள் நடக்கிற அலைச்சல்.

ஜார்ஜ் லூகாஸ் என்று ஒரு மகானுபாவர். பழைய படங்களுக்குக் கலர் பூசுவது காட்டுமிராண்டித்தனம் என்கிற ரீதியில் 1988-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு முன் போய் வாதாடினார். 1997-ல் தன்னுடைய 'ஸ்டார் வார்ஸ்' படங்களையே மாற்றி வெளியிட்டார். அதன்பின் பழைய வடிவத்தைத் தேடி அலைந்த ரசிகர்கள் பட்ட பாடு தனிக்கதை. எடுத்தவரே ஆனாலும், புதுசைக் கொடுக்கிற கையோடு பழசையும் அதே தரத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

'வர்மா' விவகாரத்தை இங்கே சொல்லாவிட்டால் பாவம். பாலா 'அர்ஜுன் ரெட்டி'யைத் தமிழில் எடுத்து முடித்தார். தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 2019 பிப்ரவரியில், இதை வெளியிட மாட்டோம், வேறு இயக்குநரை வைத்து முதலிலிருந்து எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் அவர்களைக் காய்ச்சி எடுத்தோம். இன்று யோசித்தால், அது எவ்வளவு நாகரிகமான வேலை! புதுசாய் எடுத்ததற்கு 'ஆதித்ய வர்மா' என்று வேறு பெயர் வைத்து, அந்த இயக்குநர் பெயரைப் போட்டு, அதே வருஷம் நவம்பரில் வெளியிட்டார்கள். பாலா எடுத்தது 2020 அக்டோபரில் இணையத்தில் பாலாவின் 'வர்மா'வாகவே வந்தது. ரெண்டையும் பார்க்கலாம், ரெண்டையும் திட்டலாம். யார் தலையிலும் யார் பாவமும் விழவில்லை.

ஏஐ என்றாலே எனக்கு அலர்ஜி என்று நினைக்க வேண்டாம், சோறு போடுவதே அந்த வகையறா வேலைதான். 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் கேட்டார், பணமும் கொடுத்தார். கேட்டார் என்பதுதான் மேட்டர். செத்துப்போனவர்களின் குடும்பத்தைக் கேட்டார் அவர். உயிரோடு, போன் எடுக்கும் தூரத்தில் இருக்கிற இயக்குநரைக் கேட்கவில்லை இவர்கள்.

இதெல்லாம் சினிமாக்காரர்கள் பஞ்சாயத்து, அடுகோடியில் இருக்கிற உனக்கென்ன என்றால், எனக்குத்தான் அதிகம். உங்களுக்கும்தான். ஊரில் இருப்பவனுக்குத் தமிழ் தெருவில் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கன்னடமும், கீழ்வீட்டு சிநேகிதியோடு இந்தி. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள். கம்பர் மகன் கதை அவளுக்குப் புத்தகத்திலிருந்து வரப் போவதில்லை. அவள் தமிழில் பாதி சினிமாவிலிருந்து வந்தது. அதற்காகத்தானே நாமெல்லாம் இத்தனை பாடுபடுகிறோம்? 2018-ல் 'காலா'வுக்கு இங்கே தடை, 2025 ஜூனில் 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகவே இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குக் காரை விட்டுக்கொண்டு போய்ப் பார்த்தோம். (படம் அப்படி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். டோல் காசு வேறு.) ஃபோரம் மால் நெக்ஸஸ் மால் ஆன பிறகும் அங்கே தமிழ்ப் படம் எந்த நேரத்துக்கு என்று பார்த்து வைக்கிற ஆட்கள் நாம்.

அந்த மகள் ஒரு நாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். குந்தன் கண் திறக்கிற துண்டுக் காட்சி. நாங்கள் வீட்டில் பார்த்த பழைய படம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அப்பா, இதுல எது நெஜ எண்டிங்?"

"செத்துப்போறதுதான்டா கண்ணு. இது அப்புறமா கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுலயும் தனுஷ்தானே இருக்காரு?"

எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் 2013-லேயே பார்த்தவன். அவள் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கம்பெனி சொன்னது போலப் பழைய வடிவம் இருக்கிறது, சரி. எங்கே இருக்கிறது? யாரோ ஒருவரின் சர்வரில். அந்த நிறுவனம் நாளைக்குக் கை மாறினால், ரெண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும், இடம் போதாது என்று முடிவு செய்தால், எந்த ஒன்றை வைப்பார்கள்? விசில் வந்ததை வைப்பார்கள். தமிழ் பேசிய முதல் படமான 1931-ன் 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் 'கீசக வதம்' இல்லை. தொலைத்த பரம்பரை நாம். அன்றைக்குத் தெரியாமல் தொலைத்தோம், பிலிம் எரிந்தது, மக்கிப் போச்சு. இனிமேல் தொலைவது மக்கித் தொலையாது. அதே பெயரில், பளபளவென்று, இன்னும் நல்ல பிரிண்டில், வேறொன்றாய் மாறித் தொலையும். தொலைந்ததே தெரியாது.

அதனால் மறு ரிலீஸ் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பாருங்கள் என்கிறேன். 2024-ல் 'கில்லி' மறுபடி வந்தபோது தியேட்டர் கிழிந்தது, அதைப் பார்த்துத்தான் எல்லா உரிமையாளர்களுக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. அந்தக் காசில் நம் காசும் இருக்கிறது. மாற்றிய படம் என்றால் போஸ்டரில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். இயக்குநர் வேண்டாம் என்றால் அவர் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ரெண்டும் இல்லாத படத்துக்கு வீட்டோடு கிளம்பிப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது சிலர் புதுசாய் ஆரம்பித்திருக்கிறார்கள்: 'ஏஐ வந்தாச்சே, மருதநாயகத்தை முடிச்சிடலாமே!' 1997 அக்டோபர் 16-ம் தேதி, எம்ஜிஆர் பிலிம் சிட்டியில், இங்கிலாந்து ராணி எலிசபெத்தே வந்து தொடங்கிவைத்த படம். 1764-ல் மதுரையில் வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட யூசுப் கானின் கதையை, வெள்ளைக்கார ராணியை வைத்தே தொடங்கிய குசும்பு கமலுக்கு மட்டும்தான் வரும். எழுத்தில் கூட இருந்தவர் சுஜாதா, நம்ம ஜாலஹள்ளி பிஇஎல்லில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த அதே ரங்கராஜன். காசு நின்றது, படம் நின்றது. 'பொன்னியின் செல்வ'னும் இப்படித்தான் நின்றது. 1958-ல் எம்ஜிஆர் உரிமை வாங்கி, பிறகு மகேந்திரனைத் திரைக்கதை எழுதச் சொல்லி, நடக்காமல் போய், 2022-லும் 2023-லும் மணிரத்னம் கையில் ரெண்டு பாகமாய் வந்தது. அது மணிரத்னத்தின் படம். எம்ஜிஆரின் பொன்னியின் செல்வன் வரவே இல்லை, இனி வராது. அதைக் கணினியில் சமைத்து எம்ஜிஆர் முகத்தை ஒட்டிக் கொடுத்தால், அதற்குப் பெயர் வேறு.

மருதநாயகத்தை கமல் எடுத்தால் எடுக்கட்டும், யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொன்னால் எடுக்கட்டும். அவர் எடுக்காமல் விட்டதும் அவர் கணக்கில்தான் இருக்க வேண்டும். அவர் மனசில் இருந்த படத்தை அவரைத் தவிர வேறு யாருக்கும், எந்த மெஷினுக்கும் தெரியாது. தொடக்க விழாவுக்காக எடுத்த அந்தச் சண்டைக் காட்சி கொஞ்சம் இருக்கிறது இல்லையா, ஒரு பிரேம் கூட்டாமல் குறைக்காமல் அதை மட்டும் தியேட்டரில் போட்டால் குடும்பத்தோடு முதல் ஆளாய் நிற்கிறேன். ஓசூரில் போட்டாலும் சரி, டோல் கட்டிவிட்டு வருகிறேன்.